கீபோர்டை மூடிய பிறகு

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன் தம்பி. நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு முடிந்ததும் உங்கள் கோயிலில் கீபோர்டை மூடித் துணி போர்த்திவிட்டார்கள். தபேலாவும் ஓரமாகப் போய்விட்டது. சனிக்கிழமை இரவு வரை எல்லாம் வெறும் குரல்தான். இன்னொரு பக்கம், கல்லூரிப் போட்டிக்காக நண்பர்களோடு ‘அகபெல்லா’ பழகுகிறீர்கள். அந்தச் சொல்லுக்குக் கோயில் பாணி என்று பொருள் என எங்கோ படித்திருக்கிறீர்கள். ஆகவே கேள்வி: வாத்தியம் இல்லாமல் பாடுவது மதத்திலிருந்துதான் பிறந்ததா? உங்கள் ஊர்ப் பாட்டிமார் பெரிய வெள்ளியன்று பாடுவதும் ரோமில் பாடியதும் ஒரே வம்சமா? இதற்குப் பின்னால், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: கீபோர்டு இல்லை என்றதும் உங்கள் குழுவின் சுருதி இறங்கிக்கொண்டே போகிறது என்று. உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு உதவும். இராமநாதபுரம் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கர்நாடக வாய்ப்பாட்டு முறையாகப் படித்தேன். லத்தீன் பாட்டு, சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தபோது ஒரு வயதான சாமியாரிடம் காதால் பிடித்தது. கடற்கரைப் பங்கு ஒன்றில் பாடகர் குழுவை ரொம்ப நாள் பார்த்துக்கொண்டேன். ஐரோப்பிய இசை வரலாறு எனக்குப் புத்தக அறிவுதான். கரைவலை நான் இழுத்ததில்லை, இழுக்கிறவர்கள் பாடக் கேட்டவன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘அ கப்பெல்லா’ இத்தாலியச் சொல், ‘சிற்றாலயத்தில் பாடும் முறையில்’ என்று பொருள். இதில் சந்தேகம் இல்லை. அந்தக் ‘கப்பெல்லா’வே ஒரு மேலாடையிலிருந்து வந்தது என்பார்கள். தூர் நகரத்துப் புனித மார்ட்டின் பிச்சைக்காரனுக்குப் பாதியை வெட்டிக் கொடுத்த மேலாடை என்று போற்றி, பிராங்கு அரசர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்த இடத்துக்கு ஆடையின் பேரே நிலைத்துவிட்டதாம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ‘அ கப்பெல்லா’ என்று சொன்னவர்கள் வாத்தியம் கூடாது என்ற பொருளில் சொல்லவில்லை. தனிக்குரலும் வாத்தியமும் மாறி மாறி வரும் புதுப் பாணி அப்போது வந்திருந்தது. அதிலிருந்து, 16ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனா காலத்துப் பழைய பல்குரல் பாணியைப் பிரித்துக் காட்ட அந்தப் பேர் உதவியது. அந்தப் பழைய பாணியிலேயே பல ஆலயங்களில் ஆர்கனோ ஊதுகருவியோ குரல் போகிற வழியிலேயே கூடப் போகும். ரோமில், போப்பின் சொந்த ஆலயமான சிஸ்டைனில் வழக்கம் வேறு. அங்கே ஆர்கன்கூட இல்லாமல் பாடினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாலஸ்த்ரீனாவை மறுபடி கையில் எடுத்தவர்கள், ஏட்டில் குரல் வரி மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான் பாடினார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் இன்று சொல்லும் பொருள் அப்படி வந்து ஒட்டியதுதான். பாதி தப்பர்த்தத்தில் வளர்ந்த சொல் இது, இதை வைத்து வம்சாவளி எழுத முடியாது.

மதம் வாத்தியத்தை வெளியே நிறுத்தியது உண்மை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் காரணம் வேறு. யூதர்களின் எருசலேம் ஆலயத்தில் யாழும் எக்காளமும் முழங்கின, சங்கீதப் புத்தகத்தின் கடைசிச் சங்கீதத்தைப் படித்தால் ஒரு கச்சேரி மேடையே தெரியும். கி.பி. 70இல் அந்த ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு, துக்கம் காத்து, தொழுகைக் கூடங்களில் வாத்தியத்தை விட்டார்கள். ஆதிக் கிறிஸ்தவச் சபைத் தலைவர்களுக்குக் காரணம் துக்கம் இல்லை, கூச்சம். குழலும் பறையும் அவர்கள் ஊரில் நாடகக் கொட்டகைக்கும் குடி விருந்துக்கும் சொந்தமானவை, அதைக் கோயிலுக்குள் விடுவதாவது என்று நினைத்தார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை இன்றுவரை குரலோடு நிற்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 757இல் பைசாந்தியப் பேரரசர் பிராங்கு அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அனுப்பியவரின் சபை அதை வழிபாட்டில் சேர்க்கவே இல்லை, வாங்கிய மேற்குப் பக்கம் பின்னாளில் அதைக் கோயில் வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டது. சீர்திருத்தக்காரர்களில் கால்வின் சங்கீதங்களை வாத்தியம் இல்லாமல் ஒரே குரலில் பாட வைத்தார். 1562இல் ஜெனீவாவில் அந்தத் தொகுப்பு முழுமை பெற்றது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மீன்பிடி ஊர்ச் சபைகளில் இன்னும் ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அவரவர் கமகத்தோடு பின்னால் வருவார்கள். ஒலிப்பதிவு கிடைத்தால் கேளுங்கள். ஒரே அலை பத்துப் பாறையில் வந்து உடைகிற மாதிரி இருக்கும்.

உங்கள் கோயிலில் நடந்தது எந்தக் கணக்கு? கத்தோலிக்கச் சட்டப்படி வியாழன் ‘உன்னதங்களிலே’ முதல் சனி இரவு ‘உன்னதங்களிலே’ வரை வாத்தியம் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டும் வாசிக்கலாம், தனியாக முழங்கக் கூடாது. சில நாட்கள் தவிர்த்துத் தவக்காலம் முழுக்கவே அப்படித்தான். அடியோடு மூடித் துணி போர்த்துவதும் மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுவதும் அதைவிடப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. ஆகவே அங்கே வெறும் குரல் என்பது நோன்பு மாதிரி, இருப்பதை மூன்று நாள் விட்டுவைப்பது. இல்லாததால் பாடுவது வேறு, விட்டுவிட்டுப் பாடுவது வேறு.

நம் கரையில் வேறு என்னென்ன வெறும் குரல் இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு ஒன்று தட்டுப்படுகிறது. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் கோஷ்டி பிரபந்தம் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் எடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நாதஸ்வரமும் தவிலும் உண்டு, ஆனால் அது தனி, இது தனி. அவர்களிடம் ‘நல்லாப் பாடினீங்க சாமி’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பாசுரத்தைச் ‘சேவிக்கிறோம்’ என்பார்கள், பாடுகிறோம் என்று சொல்வது அபூர்வம். கீழக்கரைப் பக்கம் ரபீவுல் அவ்வல் மாதத்தில் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிவாசலிலும் மவ்லிது, அதாவது நபியைப் புகழும் ஓதல், நடக்கும். லெப்பை ஒரு அடியைச் சொல்ல, உட்கார்ந்திருப்பவர்கள் பைத்தை, அதாவது செய்யுள் அடியை, திருப்பிச் சொல்ல, ஊதுபத்திப் புகையோடு ஒரு மணி நேரம் போகும். ஒரு வாத்தியம் கிடையாது. ராகம் கண்டிப்பாக உண்டு, நான் கேட்ட ஒன்று கிட்டத்தட்டச் சிந்துபைரவி. ஆனால் மவ்லிதை ‘ஓதுவார்கள்’, பாட மாட்டார்கள். அதே மாவட்டத்தில், அதே வினைச்சொல்லை வைத்துத்தான் சிவன் கோயிலில் தேவாரம் சொல்பவருக்கு ஓதுவார் என்று பேர். சம்பந்தரும் அப்பரும் பதிகம் பாடிய தலம் இராமேசுவரம்.

இங்கேதான் என் பதில் இருக்கிறது. மதத்துக்குள் வெறும் குரல் வருவது, பெரும்பாலும், சொல் பெரிது, பாட்டு சிறிது என்று இருக்கிற இடத்தில். சொல் பிசகக் கூடாது, காது சொல்லை விட்டு வேறெங்கும் போகக் கூடாது என்பதற்காக ஓதுகிறார்கள். ராகம் அதைச் சுமக்கிற தோணி. நீங்கள் பழகும் அகபெல்லா இதற்கு நேர் எதிர். அங்கே வாத்தியத்தின் வேலையைக் குரல் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் வாயாலேயே டிரம்ஸ் அடிக்கிறார், ஒருவர் பேஸ் கிட்டார் ஆகிறார். வாயாலேயே தாளச் சொற்கட்டுச் சொல்லும் நம் கொன்னக்கோல்காரர் பார்த்தால் ‘இதென்ன புதுசா’ என்பார், அது வேறு கதை. இரண்டிலும் வாத்தியம் இல்லை என்பது மட்டும்தான் ஒற்றுமை.

அப்புறம், வெறும் குரல்தான் ஆதி, வாத்தியம் பின்னால் வந்த கெடுதி என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். சம்பந்தரோடு கூடவே போய்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. தருமபுரத்தில் யாழில் அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாடவும், பாணர் யாழையே உடைக்கப் போனாராம், அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பேர். புராணமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் குரலால் முடிவது வாத்தியத்தால் முடியாது என்று காட்ட ஒரு கதை கட்டுகிறார்கள் என்றால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் பாட்டிமார் பெரிய வெள்ளியன்று பாடும், இயேசுவின் பாடுகளைப் பற்றிய புலம்பலுக்கு வருகிறேன். இங்கே உறுதியானதையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணியடித்துத் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த மன்றாட்டுகளைத் தான் சொல்ல அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட கிரிமினாலி சாமியாரும் சவேரியாரின் இயேசு சபையைச் சேர்ந்தவர்தான். ஒருவர் எடுக்க ஊர் திருப்பிச் சொல்லும் பழக்கம் இந்தக் கரைக் கோயில்களில் அத்தனை பழையது, இது உறுதி. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரில் இந்தப் புலம்பலைப் ‘பசாம்’ என்பார்கள், பாடுகள் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. சொல் கப்பலில் வந்தது, சரி. மெட்டும் கப்பலில் வந்ததா? என் காது இல்லை என்கிறது. வரியின் முதல் பாதி மேலே போய் நின்று, இரண்டாம் பாதி படிப்படியாகச் சரிந்து, கடைசி எழுத்தில் மூச்சோடு உடைகிறதே, அது இழவு வீட்டு ஒப்பாரி. ‘என்னைப் பெத்த ராசா’ என்று தொடங்குகிற அதே சரிவு. ஊரில் யார் செத்தாலும் முதலில் குரல் எடுக்கிற பெண்தான் பெரிய வெள்ளியன்றும் குரல் எடுக்கிறாள், வேறு எந்த மெட்டு வரும்? இது ஊகம்தான், ஆனால் நாற்பது வருடம் கேட்ட காதின் ஊகம்.

மதத்தோடு சம்பந்தமே இல்லாத வெறும் குரலும் நம் கரையில் உண்டு, அதை விட்டால் பதில் ஊனமாகிவிடும். கரைவலை இழுக்கும்போது இரண்டு கையும் கயிற்றில். தாளம் போடக்கூடக் கை கிடையாது. ஒருவர் அம்பா, அதாவது வலை இழுக்கும் பாட்டு, எடுக்கிறார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்கிற இடத்தில் இழுக்கிறார்கள். பாட்டுதான் அங்கே இயந்திரம், இருபது பேர் பலத்தை ஒரே நொடியில் சேர்ப்பது அதுதான். நான் கவனித்த வரை, வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு சோம்பலாக, கேலியும் கிண்டலுமாக, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைச் சீண்டுவது உட்பட எல்லாம் வரும். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்க வரி சுருங்கி, வேகம் கூடி, கடைசியில் வெறும் ‘ஏலே ஏலே’ மட்டும் மிஞ்சும். நடுவில் அந்தோணியாரும் வருவார், முருகனும் வருவார், ஏர்வாடி அவுலியாவும் வருவார். அதாவது வேலைப் பாட்டுக்குள் சாமி வந்து சேர்ந்துகொண்டார். மதத்திலிருந்து வேலைக்கு வந்த பாட்டு இது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கை வேலையில் இருக்கிற எந்த ஊரிலும் வெறும் குரல் தானாகவே பிறக்கும். உப்பளத்துக்கும் நாற்று நடவுக்கும் தாலாட்டுக்கும் இதே கதைதான்.

இனி சுருதி. ஒரு பெரிய வெள்ளி, கடற்கரை மணலில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் நடுவே ஒரு அடி பாட வேண்டும். எண்பதை நெருங்கிய ஒரு அம்மா எடுத்துக் கொடுத்தார். வலது உள்ளங்கையால் வலது காதை மூடிக்கொண்டு, கண்ணை மூடி, யாரையும் கேட்காமல் எடுத்தார். என் சட்டைப் பையில் பிட்ச் பைப், சுருதி பார்க்கும் சின்ன ஊதுகுழல், இருந்தது, குறும்புக்குப் பார்த்தேன். முதல் நிலையில் ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி மேலே). ஆறாம் நிலையில் ஐந்து. பன்னிரண்டாவதில், மணலில் முழங்கால் போட்டு எழுந்து எல்லோருக்கும் மூச்சு வாங்கியபோது, நாலரை. இருநூறு பேர் இறங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது. என் குழுவில் இருந்த ஒரு பையன் மட்டும் கீபோர்டு வாசிக்கிறவன், முகத்தைச் சுளித்தான்.

அங்கே நடந்தது எளிது. ஒவ்வொரு நிலையிலும் செபம் முடிந்து மறுபடி எடுக்கும்போது சுருதி நினைவிலிருந்து வருகிறது, களைத்த உடம்பு நினைவைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளும். அதோடு, இறங்கும் சுரத்தை மனிதக் குரல் கொஞ்சம் அதிகமாகவே இறக்கும், ஏறும் சுரத்தைக் கொஞ்சம் குறைவாக ஏற்றும். சரிந்து சரிந்து போகும் மெட்டில் அது வரிக்கு வரி சேரும். வலைப்பாட்டில் தலைகீழாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், வேகமும் முக்கலும் கூடக் கூடச் சுருதி ஏறும். ஆகவே இறங்குவது காது சரியில்லாததால் என்று உங்கள் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

உங்கள் குழு பல்குரலில் பாடுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. கீபோர்டின் அரைச்சுரத்தை நூறு பங்காக வைத்துக்கொண்டால், அதன் அந்தர காந்தாரம் (மேற்கத்தியர் ‘மேஜர் தேர்ட்’ என்பது) இயற்கையான காந்தாரத்தைவிடச் சுமார் 14 பங்கு மேலே இருக்கிறது. எல்லாச் சுருதியிலும் வாசிக்க வசதியாக அப்படிச் சமமாக வெட்டியிருக்கிறார்கள். கீபோர்டை எடுத்துவிட்டால், தம்புராவோடு வளர்ந்த காது தானாகவே இயற்கைக் காந்தாரத்துக்கு இறங்கும். அது தப்பில்லை, அதுதான் இனிமை. ஆனால் அந்தச் சுரத்தை இன்னொருவர் அடிப்படையாக எடுத்துக்கொண்டு அடுத்த சுரத்தைப் பிடித்தால், அவர் அதிலிருந்து, இன்னொருவர் அவரிலிருந்து என்று மொத்தக் கப்பலும் மெதுவாக நகரும். தூய இடைவெளிகளில் பாடினால் சில சுர வரிசைகளில் இப்படி நகரும் என்பது கணக்கால் நிரூபிக்கப்பட்ட விஷயம். உங்கள் குழு நகர்வது இதனாலா, களைப்பினாலா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. களைப்பு என்றுதான் முதலில் பந்தயம் கட்டுவேன்.

இடமும் ஒரு காரணம். ஒருமுறை எங்கள் குழுவைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனோம். 1964 டிசம்பர்ப் புயலில் போன கோயில், பவளப்பாறைக் கல் சுவர் நிற்கிறது, கூரை இல்லை. உணர்ச்சிவசப்பட்டு ஒரு மாதா பாட்டு எடுத்தோம். எங்கள் கோயிலில் கல்லாட்டம் நிற்கிற பாட்டு. இரண்டாவது அடிக்குள் கலைந்துவிட்டது. பதினோரு பேரும் தனித்தனியாகப் பாடுகிற மாதிரி இருந்தது. கூரை உள்ள கோயிலில் நம் குரல் மேலே போய்த் திரும்பி வந்து, நமக்கே தம்புராவாக நிற்கும். அங்கே குரல் வானத்துக்குப் போனது, திரும்பவில்லை. அப்புறம் தோளோடு தோள் உரச வட்டமாக நின்று, பாதி சத்தத்தில் பாடினோம், நின்றது. மேடையிலும் வரிசையாக நிற்காதீர்கள், பிறை மாதிரி வளைந்து, தடித்த குரல்களை நடுவில் வைத்து நில்லுங்கள். அந்த அம்மா காதை மூடியதும் இதற்காகத்தான். மூடிய காதில் நம் குரல் எலும்பு வழியாக உள்ளே கேட்கும். ஒரு காது உள்ளே, ஒரு காது வெளியே.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். முதல் ஒரு வாரம் வரிகளே வேண்டாம். ஒருவர் ‘அ’காரத்தில் சட்ஜத்தைப் பிடிக்க, மற்றவர்கள் பஞ்சமம், அப்புறம் மேல் சட்ஜம், காந்தாரம் கடைசியில். மூச்சு எல்லோரும் ஒரே இடத்தில் விடக் கூடாது, பக்கத்து ஆள் விடாத இடத்தில் விட வேண்டும். பிறகு பாட்டைப் பாடி, முதல் அடியையும் கடைசி அடியையும் மொபைலில் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அரைக் கட்டைக்குள் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. பாட்டு முடிந்ததும் பின்னணி இசையோடு இன்னொரு பாட்டுக்குத் தாவுகிற திட்டம் மட்டும் வேண்டாம், அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.